குழாயில் இருப்பது யாருடைய ரத்தம்?

(காட்சி: பொழுது விடியும் பினாங்கு. கொம்தார் கோபுரத்துக்குப் பின்னால் வானம் வெளுக்கிறது. பிறகு ஆய்வுக்கூட மேசையில் வரிசையாக நிற்கும் ரத்தக் குழாய்கள்: நீலம், மஞ்சள், ஊதா, சாம்பல் மூடிகள்.)

வணக்கம். பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒரு காலை நேரத்தை மறக்கவே முடியவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இயந்திரம் ஒருவருடைய பொட்டாசியத்தை 8.3 என்று காட்டியது. இருக்க வேண்டியது ஏறத்தாழ 3.5-க்கும் 5-க்கும் இடையில். எட்டைத் தாண்டினால் இதயம் எந்த நேரத்திலும் நின்றுவிடலாம். வார்டுக்குப் போன் போட்டேன்.

"மிஸ்ஸி, 12-ஆம் கட்டில் அங்கிள் எப்படி இருக்கார்?" (தாதியை இங்கே மிஸ்ஸி என்போம்.)

"நல்லாத்தான் இருக்கார். மைலோ குடிச்சிட்டு பேப்பர் படிச்சிட்டிருக்கார்."

அதே குழாயின் கால்சியத்தைப் பார்த்தேன். அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் லேப்பில் இருப்பவர்களுக்கு உடனே பொறி தட்டும். ஊதா மூடிக் குழாயில் இருந்த ரத்தம் மஞ்சள் மூடிக் குழாய்க்குள் போயிருக்கிறது. ரத்தம் போதவில்லை என்று யாரோ நல்ல எண்ணத்தில் ஒன்றிலிருந்து மற்றதில் ஊற்றியிருக்கிறார்கள்.

(காட்சி: ஊதா மூடிக் குழாய் அருகில். உள்சுவரில் ஒட்டியிருக்கும் மருந்து தெரிகிறது.)

ஊதாக் குழாயின் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் ஈடிடிஏ. ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அது பொட்டாசிய உப்பாகத்தான் குழாயில் இருக்கிறது. அதனால் சில துளி மஞ்சள் குழாயில் கலந்தாலே பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். புது ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 4.2 வந்தது.

அன்று அந்த 8.3-ஐ நம்பியிருந்தால், பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலின் ஏற்றியிருப்பார்கள். சரியான அளவில் இருந்த பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் கீழே போயிருக்கும்.

ஆய்வுக்கூடப் பிழை என்றதும் எல்லாரும் இயந்திரத்தைத்தான் நினைக்கிறார்கள். மொத்தப் பிழைகளில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு, குழாய் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதாவது கட்டிலருகில், வண்டியில், படிக்கட்டில்.

(காட்சி: இரண்டு குழாய்கள். ஒன்றின் மேல்பகுதி வெளிர் மஞ்சள், மற்றது ரோஜாப்பூ நிறம்.)

இதில் முதலிடம் ரத்த அணுக்கள் உடைவதற்கு. சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ 30 மடங்கு அதிகம். ஊசி மிக மெல்லியதாக இருந்தாலோ, சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, இழுத்த ரத்தத்தைக் குழாய்க்குள் அழுத்தித் தள்ளினாலோ, துடைத்த ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினாலோ அணுக்கள் உடையும். அவசரப் பிரிவில் டிரிப் போடும் குழலிலிருந்தே ரத்தத்தையும் எடுத்துவிடுவார்கள். ஒரே குத்தில் இரண்டு வேலை முடிகிறது, நோயாளிக்கும் வலி குறைவு. ஆனால் அணுக்கள் உடைந்து வருவது அங்கேதான் அதிகம்.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ஒரு நிமிஷத்துக்கு மேல் விட்டாலும் கணக்கு மாறும். "கையை நல்லா மூடித் திறங்க" என்று பாசமாகச் சொல்வார்கள். அப்படிச் செய்தாலும் பொட்டாசியம் ஏறும். கையைத் தளர விடுவதே நல்லது.

நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பியே ஆகவேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) என்று அளந்து போட்டிருக்கிறார்கள். ரத்தம் குறைந்தால், உறைய அதிக நேரம் எடுப்பதாகப் பொய்யான முடிவு வரும். குழாய்களில் ரத்தம் எடுக்கவும் ஒரு வரிசை உண்டு: நீலம், மஞ்சள், அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல். ஒரு குழாயின் மருந்து அடுத்ததில் ஒட்டக்கூடாது. ஊதாக் குழாயை எடுத்ததும் எட்டு, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக்கூடாது. கவிழ்க்காமல் விட்டால் உள்ளே கட்டி விழும்.

அணுக்களைப் பிரிக்காத ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறையும், அணுக்கள் அதைத் தின்றுகொண்டே இருப்பதால். நம்மூர்ச் சூட்டில் இன்னும் வேகமாக. கிளினிக்கில் காலையில் எடுத்து, மத்தியானம் லேப்புக்கு வரும் குழாயை நினைத்துப் பாருங்கள்.

(காட்சி: கட்டிலருகே ஒரு தாதி, கையில் ஒட்டுத்தாள். நோயாளி வயதான தமிழர்.)

இதுவரை சொன்னவற்றை இயந்திரமே ஓரளவு கண்டுபிடித்துவிடும். என்னைத் தூங்கவிடாத பிழை வேறு: ஒருவருடைய குழாயில் இன்னொருவருடைய பெயர். ரத்தம் நல்ல ரத்தம்தான், எந்த எச்சரிக்கையும் வராது. ரத்தம் ஏற்றுவதற்காக எடுக்கும் மாதிரிகளைப் பற்றி 10 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. ஏறத்தாழ 165 குழாய்களுக்கு ஒன்றில் ஒட்டுத்தாளில் குறை. ஏறத்தாழ 2,000-க்கு ஒன்றில், உள்ளே இருந்தது வேறொருவர் ரத்தம். ஓ வகைக்காரருக்கு ஏ வகை ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் மக்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயர் எழுதுகிறோம். ஒரே வார்டில் இரண்டு கணேசன், இருவருக்கும் அப்பா ராமசாமி என்பது நடக்கவே நடக்காத ஒன்றா? போதாததற்கு, மிஸ்ஸி "கணேசன் அங்கிளா?" என்று கேட்டால், காது மந்தமான பெரியவர் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். பதில் அவர் வாயிலிருந்து வர வேண்டும். கூடவே மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண். 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பினாங்குக்கு 07), கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. இரண்டு கணேசன்களைப் பிரிக்க இதைவிட எளிதானது இல்லை.

ஒட்டுத்தாள்களை முன்கூட்டியே மேசையில் அச்சடித்து வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். எடுத்த இடத்திலேயே, நோயாளி கண்முன்னே ஒட்ட வேண்டும். புதிய நோயாளிக்கு ரத்த வகையை, வேறு நேரத்தில் எடுத்த இரண்டாவது குழாயை வைத்து உறுதிப்படுத்தும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. இரண்டாவது குத்து வலிக்கும்தான். ஆனாலும் வேண்டும்.

(காட்சி: வரைபடம். இரண்டு பட்டைகள்.)

பிழையைக் குறைக்க முதலில் எண்ண வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: உள்நோயாளி வார்டு மாதம் 3,000 குழாய் அனுப்பி 30 திரும்பி வருகிறது. அவசரப் பிரிவு 1,000 அனுப்பி 28. மொத்தத்தைப் பார்த்தால் வார்டுதான் மோசம் என்பீர்கள். விகிதம் பார்த்தால் வார்டில் 1 விழுக்காடு, அவசரப் பிரிவில் 2.8. காரணத்தையும் பிரித்து எழுத வேண்டும்: உடைந்ததா, உறைந்ததா, குறைவா, பெயர்ப் பிழையா. "நிராகரிக்கப்பட்டது" என்று ஒரே பெட்டியில் போட்டால் எதைத் திருத்துவது என்றே தெரியாது. உடைவை ஒருவர் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே இயந்திரமே அளக்கும் உடைவு அளவீட்டை வைத்து எண்ணுவதே சரி. எம்எஸ் ஐஎஸ்ஓ 15189 தரத்தின்படி அங்கீகாரம் பெறும் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு இதுபோன்ற குறியீடுகளைக் கண்காணிப்பது கடமை.

எண்ணிக்கையை வார்டுக்குக் கொண்டுபோகும்போது தலைகுனிய வைக்காதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்தமுறை பிழையை மறைப்பார். நாங்கள் முதலில் சுவரில் சுவரொட்டி ஒட்டினோம். இரண்டு வாரத்தில் யாரும் பார்க்கவில்லை. பிறகு லேப்காரர்கள் வார்டுக்கே போய், காலை வேலை தொடங்குமுன் பக்கத்தில் நின்று, உடைந்த குழாயையும் நல்ல குழாயையும் கையில் கொடுத்துக் காட்டினோம். ஒரு தாதி கேட்டார்: "அக்கா, இவ்வளவு நாளா வேணாம்னு திருப்பினீங்களே, ஏன்னு யாரும் சொல்லவே இல்லையே." அந்தக் கேள்வி எங்களுக்குத்தான் உறைத்தது.

(காட்சி: மருத்துவமனை நடைபாதை. பெரியவர் ஒருவர் சட்டைக் கையை மடிக்கிறார்.)

அடுத்தமுறை மிஸ்ஸி வந்து "மறுபடி எடுக்கணும்" என்றால் கோபப்படாதீர்கள். காரணம் என்ன என்று கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. பெயரையும் மைகாட் எண்ணையும் நீங்களே முழுசாகச் சொல்லுங்கள். முடிந்ததும், "அந்தக் குழாயைக் கொஞ்சம் காட்டுங்க, மிஸ்ஸி" என்று கேட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒட்டுத்தாளில் உள்ள எழுத்தையும் எண்ணையும் படித்துப் பாருங்கள்.