மூன்று பேர், ஒரு டயர்: திறந்த கூரை ஜிம்னியின் கதை

[திரையில்: மேலிருந்து பார்க்கும் கோணம். கூரை மடக்கப்பட்ட சிறிய ஜீப்பின் பின்பகுதி]

வணக்கம். இந்த வண்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். முன்னால் இரண்டு இருக்கை. பின்னால் ஒரே ஒருவர் உட்காரலாம். நாலாவது ஆள் உட்கார வேண்டிய இடத்தில் ஸ்பேர் டயர் உட்கார்ந்திருக்கிறது.

இது 1970 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சுசூகி ஜிம்னி, மாடல் எல்ஜே10. டயரைப் பின்னால் வெளியே மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாட்டியிருந்தால் சட்டம் இடித்திருக்கும். அப்போது ஜப்பானில் 'கெய்' என்ற சிறு வாகன வகைக்கு நீளம் 3 மீட்டர், அகலம் 1.3 மீட்டர், எஞ்சின் 360 சிசி என்று வரம்பு வைத்திருந்தார்கள். அதற்குள் இருந்தால் வரியும் குறைவு, காப்புறுதியும் குறைவு. எல்ஜே10-இன் நீளம் 2,995 மில்லிமீட்டர், அகலம் 1,295 மில்லிமீட்டர். நீளத்திலும் அகலத்திலும் மிச்சம் வெறும் 5 மில்லிமீட்டர்தான். டயர் உள்ளே போனதற்குக் காரணம் அதுதான்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஹோப்ஸ்டார் வண்டி]

முதலில் யோசித்தது சுசூகி இல்லை. ஹோப் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம், மிட்சுபிஷியின் 359 சிசி எஞ்சினை வைத்து ஹோப்ஸ்டார் ஓஎன்360 என்று ஒரு குட்டி ஜீப் செய்தது. ஆனால் பெரிய அளவில் செய்து விற்க அவர்களிடம் வசதி இல்லை. 1968-இல் அந்த வடிவமைப்பின் உரிமையைச் சுசூகி வாங்கியது. அதை முன்நின்று பேசி முடித்தவர் ஒசாமு சுசூகி. பத்து வருடம் கழித்து நிறுவனத்துக்கே தலைவரானவர். 2024 டிசம்பரில்தான் காலமானார்.

சுசூகி தன் சொந்த எஞ்சினைப் போட்டது: 359 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றில் குளிரும் டூ-ஸ்ட்ரோக், 25 குதிரைத்திறன். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வண்டியின் எடையே 600 கிலோதான். டூ-ஸ்ட்ரோக்கில் இன்னொரு வசதியும் உண்டு. வழக்கமான எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கும். வண்டி ரொம்பச் சாய்ந்தால் பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சிவிடும். இதில் அந்தத் தொட்டியே கிடையாது. எவ்வளவு சாய்ந்தாலும் எண்ணெய் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். குறை என்னவென்றால், இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மேலே ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் வயிறு கலக்கும்.

1977-இல் வந்த எல்ஜே80 அதைத் தீர்த்தது. 797 சிசி, நான்கு சிலிண்டர், ஃபோர்-ஸ்ட்ரோக். இடையில் வந்த மாடல்களை நான் தாண்டிப் போகிறேன். நமக்குத் தெரிந்த வண்டி அதற்கு அடுத்தது.

[திரையில்: பாலிக் புலாவ் மலைச்சரிவு, டுரியான் தோட்டத்துப் பாதை]

1980-களின் தொடக்கத்தில் வந்த எஸ்ஜே410. கேன்வாஸ் கூரை, பெட்டி மாதிரி உடம்பு, 970 சிசி, 45 குதிரைத்திறன். அகலம் 1,460 மில்லிமீட்டர். எடை 850 கிலோ பக்கம். அதே காலத்து லேண்ட் ரோவர் 1,300 கிலோவைத் தாண்டும். பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் டுரியான் தோட்டங்களுக்குள் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் மோட்டார் சைக்கிளுக்காகப் போட்ட மாதிரி ஒரு சிமெண்டுப் பாதை. அங்கே குதிரைத்திறனை விட அகலம்தான் முக்கியம். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வெளியே வந்துவிடும். லேண்ட் ரோவரை அப்படித் தள்ள முடியாது.

அப்புறம் ரோட் டேக்ஸ். தீபகற்ப மலேசியாவில் 1000 சிசி வரையுள்ள தனியார் வாகனத்துக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட். இது 970 சிசி. ஃபோர் வீல் டிரைவ் வைத்துக்கொண்டு 20 வெள்ளி கட்டுவது எவ்வளவு சந்தோஷம் என்று பெரிய ஜீப் வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, இந்த ஃபோர் வீல் டிரைவ் எப்படி வேலை செய்கிறது?

[திரையில்: வண்டியின் அடிப்பாகம், வரைபடம்]

எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால். அங்கிருந்து ஒரு சிறிய ஷாஃப்ட் வண்டியின் நடுவில் தனியாக இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகிறது. அங்கிருந்து ஒன்று முன் அச்சுக்கு, ஒன்று பின் அச்சுக்கு. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கம்பிக்கு மூன்று வேலை. முதல் நிலையில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். இரண்டாவதில் நான்கும் இழுக்கும். மூன்றாவதில் நான்கும் இழுக்கும், ஆனால் கியர் இன்னும் தாழ்ந்து, வண்டி நடை வேகத்தில் முழு பலத்தோடு ஊர்ந்து போகும்.

பலர் தவறு செய்வது இரண்டாவது நிலையில். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம். அதாவது முன் அச்சு கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். ஆனால் இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. சேற்றில் பரவாயில்லை, டயர் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனக்கும், கம்பியைத் திரும்ப இழுத்தால் வராது. பதறி முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். கொஞ்ச தூரம் பின்னால் எடுத்தால் முறுக்கு தளர்ந்து கம்பி வந்துவிடும்.

சில வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் கையால் திருகும் ஹப் இருக்கும். அதைப் பூட்டாமல் உள்ளே கம்பியை மட்டும் போட்டால் முன் ஷாஃப்ட் சுற்றும், சக்கரம் இழுக்காது. சேற்றில் சிக்கிக்கொண்டு பட்டறைக்கு போன் போட்டால், போமன், அதாவது மெக்கானிக், கேட்கும் முதல் கேள்வி, "ஹப்பைப் பூட்டினீங்களா தம்பி?" என்பதுதான்.

[திரையில்: தாவரவியல் பூங்கா வாசல், மேலே ஏறும் சாலை]

மூன்றாவது நிலையின் அருமை இறக்கத்தில் தெரியும். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி தாவரவியல் பூங்கா பக்கம் போனால் கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்கு, ஏறும் ஜீப் டிராக் தொடங்கும். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் செங்குத்துச் சாலை. அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும். நடந்து இறங்கியவர்களுக்கே முட்டி வலி தெரியும். இந்த மாதிரிச் சரிவில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. தொடக்க கால எஸ்ஜே410-இல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நனைந்தால் பிடிப்பு குறையும், தொடர்ந்து மிதித்தால் சூடேறித் தளரும். தாழ்நிலையில் முதல் கியரைப் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

[திரையில்: பினாங்குப் பாலம், மாலை நேரம்]

குறைகளையும் சொல்ல வேண்டும். பினாங்குப் பாலம் 1985-இல் திறந்தபோது இது புது வண்டி. அந்தப் பாலத்தில், பக்கவாட்டுக் கடல்காற்றில், கூரை படபடக்க இதை ஓட்டுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2 மீட்டர்தான், உயரம் அதிகம், அகலம் குறைவு. அவசரமாக ஒடித்துத் திருப்பினால் கவிழும் என்பது இந்த உடலமைப்பிலேயே இருக்கும் ஆபத்து. அமெரிக்காவில் இதன் 1.3 லிட்டர் வடிவம் சாமுராய் என்ற பெயரில் விற்றது. 1988-இல் அங்குள்ள நுகர்வோர் இதழ் ஒன்று இது எளிதில் கவிழும் என்று எழுத, 1996-இல் சுசூகி வழக்குப் போட, 2004-இல்தான் சமரசம் ஆனது. யார் சரி என்பதை விடுங்கள். வளைவில் வேகத்தைக் குறையுங்கள்.

இதன் நீண்ட வடிவத்தைத்தான் இந்தியாவில் 1985 முதல் மாருதி ஜிப்ஸி என்று விற்றார்கள். தமிழ்ப் படங்களில் போலீஸ் வந்து இறங்குமே, அதே வண்டி. 2007-இல் மாற்றியமைத்த ஒரு சாமுராய் சிலி நாட்டு ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஏறியது. நம் கொடிமலையின் உச்சி 833 மீட்டர்.

[திரையில்: கம்பளம் தூக்கப்பட்ட தரை, துரு]

வாங்க ஆசை வந்துவிட்டதா? பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். கேன்வாஸ் கூரையில் தண்ணீர் ஒழுகாமல் இருக்காது, நம் ஊர் மழை அப்படி. ஒழுகிய தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் தேங்கும், கடல்காற்றின் உப்பு மிச்ச வேலையைச் செய்யும். கம்பளத்தைத் தூக்கித் தரைத் தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். முன் சக்கரங்களின் உள்பக்கம் எண்ணெய் கசிந்திருந்தால் அது பிரேக்குக்குள் போயிருக்கலாம். ஓட்டும்போது ஸ்டீயரிங் உதறினால், முன் சக்கரம் திரும்பும் மூட்டில் இருக்கும் கிங்பின் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; மாற்றலாம், பெரிய செலவு இல்லை.

கடைசியாக, பானெட்டைத் திறந்து எஞ்சின் நம்பரை கிராண்ட்டில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், இருக்கும் நம்பரோடு ஒப்பிடுங்கள். 45 குதிரைத்திறன் போதாது என்று பெரிய எஞ்சின் போட்ட வண்டிகள் நிறைய உண்டு. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் அந்த 20 வெள்ளி ரோட் டேக்ஸும் உங்களுக்குக் கிடையாது, காப்புறுதி பணம் கேட்கும்போதும் தகராறு வரும். நம்பர் பொருந்தவில்லை என்றால் விலையே பேசாதீர்கள்.