புதிய சர்வரை கிளவுடுக்குள் விடுவதற்கு முன்

[திரையில்: ரேக்கில் பொருத்திய புதிய சர்வர்]

சர்வரை ரேக்கில் பொருத்தியாயிற்று. கேபிள்களும் செருகியாயிற்று. இனி யாரும் கை வைக்காமல் இது ஓப்பன்ஸ்டேக் கிளவுடில் ஒரு கம்ப்யூட் ஹோஸ்டாக, அதாவது விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் சர்வராகச் சேர வேண்டும். நாசாவும் ராக்ஸ்பேஸும் 2010இல் தொடங்கிய, சொந்தமாக கிளவுட் அமைக்க உதவும் திறமூல மென்பொருளான அதே ஓப்பன்ஸ்டேக்தான்.

முதல் பாதியை வேகமாகக் கடந்துவிடலாம். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரெட்ஃபிஷ் வழியாக அதை நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகச் சொல்கிறோம். டிஎச்சிபி நெட்வொர்க் முகவரி தருகிறது, நெட்வொர்க் வழி பூட் முறையான பிஎக்ஸ்இ நிறுவியை ஏற்றுகிறது, லினக்ஸ் அமர்கிறது. பிறகு ஓப்பன்ஸ்டேக்கை நிறுவும் கருவியான கோலா-ஆன்சிபிளின் இன்வென்டரி (ஹோஸ்ட் பட்டியல்) கோப்பில் ஹோஸ்டின் பெயரைச் சேர்த்து, அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும் ஓடும்படி வரம்பிட்டு இயக்குகிறோம். இதற்கெல்லாம் கருவிகள் நன்றாகவே இருக்கின்றன.

[திரையில்: கம்ப்யூட் சேவைகளின் பட்டியல், புதிய ஹோஸ்ட் ‘அப்’]

ஹோஸ்ட் பட்டியலில் வந்துவிட்டது. ஆனால் ஒரு விஎம்கூட அதில் ஏறவில்லை. 2017இல் வந்த ஒகாட்டா பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஹோஸ்டும் ஒரு ‘செல்’லுடன், அதாவது ஹோஸ்ட்களின் ஒரு பிரிவுடன், இணைக்கப்பட வேண்டும். அதைச் செய்வது ‘டிஸ்கவர் ஹோஸ்ட்ஸ்’ கட்டளை. குறிப்பிட்ட இடைவெளியில் தானாகத் தேடும்படி, விஎம்களுக்கு ஹோஸ்டைத் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலரிடம் சொல்லலாம். சொல்லாவிட்டால் அது தேடாது. நான் இதை பிளேபுக்கிலேயே (ஆன்சிபிள் வரிசையாகச் செய்யும் படிகளின் கோப்பு) ஒரு படியாக வைப்பேன். ஹோஸ்ட் எப்போது உள்ளே வந்தது என்பது நம் பதிவில் இருக்கும்.

இனிதான் சிக்கல். ஓப்பன்ஸ்டேக்கில் விஎம்களைக் கவனிக்கும் பகுதி நோவா. அதன் ஷெட்யூலர் வழக்கமாக எந்த ஹோஸ்டில் நினைவகம் அதிகம் காலியாக இருக்கிறதோ அதன் பக்கம் சாயும். நிறுத்தத்துக்குக் காலி பஸ் வந்தால் கூட்டம் முழுவதும் அதை நோக்கி ஓடுவதில்லையா, அப்படித்தான். அந்த ஹோஸ்டில் பழுது இருந்தால் விஎம் உருவாவது தோற்கும். தோற்றதால் ஹோஸ்ட் காலியாகவே இருக்கும். காலியாக இருப்பதால் அடுத்த கோரிக்கையும் அங்கேயே வரும். இதைத் தடுக்க, தோல்வி கண்ட ஹோஸ்டின் மதிப்பை நோவா கடுமையாகக் குறைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விஎம் உருவாகி, நெட்வொர்க் மட்டும் பாதி வேலை செய்தால்? ஷெட்யூலரின் கணக்கில் அது வெற்றி.

[திரையில்: இரண்டு பிங் முடிவுகள், அருகருகே]

இதைப் பாருங்கள். மற்ற ஹோஸ்ட்களின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 9000 பைட். புதிய ஹோஸ்டிலும் 9000 என்றே அமைத்திருக்கிறோம். அது செருகியிருக்கும் சுவிட்ச் போர்ட் மட்டும் 1500இல் நிற்கிறது. சாதாரண பிங் (மறுபக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போகிறது. இணைப்பும் தொடங்குகிறது. பெரிய பாக்கெட் கிளம்பியதும் அது சத்தமில்லாமல் தொலைகிறது. பட்டியலிலோ இப்போதும் ‘அப்’தான், 10 விநாடிக்கு ஒருமுறை சேவை தன் இருப்பைச் சொல்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை.

ஆகவே பிளேபுக்கில் ஒரு வரி: துண்டாக்கத் தடை விதித்து, 8972 பைட் தரவுடன் பிங். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 9000. இது எல்லா ஹோஸ்ட்களுக்கும் போய்த் திரும்பாவிட்டால் வேலை அங்கேயே நிற்க வேண்டும்.

சோதனை முடியும்வரை வாடிக்கையாளர் விஎம் உள்ளே வரக் கூடாது அல்லவா? நோவா கட்டமைப்பில் ‘எனேபிள் நியூ சர்வீசஸ்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். புதிய கம்ப்யூட் சேவைகள் முடக்கிய நிலையிலேயே பதிவாகும். பிங் தேறியதும், சோதனை புராஜெக்டுக்கு மட்டும் ஒதுக்கிய ஹோஸ்ட் அக்ரிகேட்டில் (ஹோஸ்ட்களின் குழு) ஹோஸ்டைச் சேர்த்துவிட்டுச் சேவையை இயக்குங்கள். இந்த ஒதுக்கீட்டைக் கவனிக்கும் ஃபில்டர் இயல்பாக இயங்காது; ஷெட்யூலரின் பட்டியலில் நாம்தான் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு விஎம் எழுந்து, வால்யூம் (சேமிப்பு வட்டு) இணைந்து, வேறொரு ஹோஸ்டிலுள்ள விஎம்முக்குப் பெரிய கோப்பு ஒன்று போய்ச் சேர்ந்தால், அக்ரிகேட்டிலிருந்து விடுவிக்கலாம். இந்த விடுவிப்பையும் ஸ்கிரிப்ட்டிடமே விடுவேன். மனிதர் ஒருவர் ‘சரி’ சொல்லக் காத்திருந்தால், வெள்ளிக்கிழமை வந்த சர்வர் திங்கள்வரை சும்மா கிடக்கும்.

பழைய ஹோஸ்ட்களில் நெரிசல் என்றால், அங்குள்ள விஎம்கள் தாமாக இங்கே வராது. லைவ் மைக்ரேஷன் செய்ய வேண்டும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்ற வேண்டும். புதிய சர்வரின் சிபியு அடுத்த தலைமுறை என்றால், இங்கே பிறந்த விஎம் பழைய ஹோஸ்டுக்குப் போக மறுக்கலாம். எல்லா ஹோஸ்ட்களிலும் பழைய தலைமுறைக்கு ஒத்த சிபியு மாடலையே குறிப்பிடுங்கள், அதுவும் முதல் விஎம் எழுவதற்கு முன்பே. பிறகு மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களை ஒவ்வொன்றாக நிறுத்தித் தொடங்கினால்தான் அது நடப்புக்கு வரும்.