சூரை மீனுக்கு முன்னால் போகும் தகவல்: திருமலையிலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: கொட்பே மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. நெடுநாள் படகிலிருந்து சூரை இறக்குகிறார்கள்.]

வணக்கம். திருகோணமலை கொட்பேயில் இறங்குகிற இந்தச் சூரை ஏற்றுமதித் தரம் தேறினால், ஐஸோடு கூலர் லொறியில் ஏறும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி மேற்குக் கரையில் ஒரு பதனிடும் ஆலை. அங்கிருந்து கட்டுநாயக்க, பிறகு விமானம். இந்தப் பாதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் மீனுக்கு முன்னாலேயே இன்னொன்று போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்தப் படகு, எந்தக் கடல், எத்தனை கிலோ, எவ்வளவு குளிரில் வந்தது என்கிற தகவல். மீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தத் தகவலில் ஓட்டை இருந்தால் விலை போகாது.

[காட்சி: இந்து சமுத்திர வரைபடம். படகுகள் புள்ளிகளாக நகர்கின்றன.]

2014 ஒக்டோபரில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மீனின் தரத்தை அவர்கள் குறை சொல்லவில்லை. ஆழ்கடலில் எங்கள் படகுகள் எங்கே, எப்படிப் பிடிக்கின்றன என்று கண்காணிக்கச் சரியான ஏற்பாடு இல்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் நெடுநாள் படகுகளில் செய்மதிக் கருவி பூட்டுகிற வேலை சூடு பிடித்தது. படகு நிற்கிற இடத்தை அந்தக் கருவி அடிக்கடி கரைக்கு அனுப்பும். மீன் பிடித்த இடம், அளவு எல்லாம் ஓட்டி எழுதிவைக்கிற பதிவேட்டில் உள்ள இடமும் கருவி சொல்கிற இடமும் ஒத்துப்போகிறதா என்று அங்கே பார்க்கலாம். 2016 ஜூனில் தடை நீங்கியது.

இது பிடிக்காத ஓட்டிகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மீன் படுகிற இடத்தைப் பக்கத்துப் படகுக்கே சொல்லாத தொழில் இது.

[காட்சி: றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ். அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.]

சரி, இனிக் குளிர். காசு கூடுவதும் குறைவதும் இங்கேதான். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்று ஒரு பொருள் இயற்கையாகவே அதிகம். குளிர் குறைந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக, சாப்பிடுகிறவருக்கு நஞ்சாகக்கூடிய பொருளாக, மாற்றும். உருவாகிவிட்டால், பிறகு ஐஸ் போட்டாலும் போகாது, சமைத்தாலும் போகாது. பார்வைக்கும் மணத்துக்கும் மீன் நல்லதாகவே இருக்கலாம். ஐரோப்பிய விதிப்படி ஒரு தொகுதியில் 9 மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள்; சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

முன்பெல்லாம் ஆலையில் "மீன் சூடாகியிருக்கிறது" என்று சொல்லி விலையைக் குறைத்தால், பேச வழியில்லை. சூடு பட்டது படகிலா, துறையிலா, ரோட்டிலா? யாருக்கும் தெரியாது. இப்போது பெட்டிக்குள் கிடக்கிற கருவி சில நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும். சிம் உள்ள கருவி என்றால் அப்போதைக்கப்போதே போனுக்கும் அனுப்பும். லொறி ஹபரணையில் தேநீருக்கு நின்றபோது கூலரை நிறுத்தியிருந்தால், அந்த நேரத்தில் வெப்பநிலைக் கோடு மேலே ஏறியிருக்கும். அதற்குப் பிறகு வாக்குவாதத்துக்கு வேலை இல்லை.

[காட்சி: பெற்றோல் ஷெட். போனில் கியூஆர் குறியீடு.]

இதெல்லாம் ஏற்றுமதிக்காரருக்குத்தானே என்று நினைக்காதீர்கள். 2022 ஓகஸ்டில் நாம் எல்லாருமே இப்படி ஒரு வலைக்குள் வந்தோம். எரிபொருள் கியூஆர் ஞாபகம் இருக்கும்: கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று தொடங்கினார்கள். அந்தக் குறியீடு நாட்டுக்குள் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கொண்டுவரவில்லை. ஒரே வாகனம் மூன்று ஷெட்டில் அடிப்பதை நிறுத்தியது, அவ்வளவுதான். ஆனால் நாள்கணக்கில் நின்ற வரிசை குறைய அதுவும் ஒரு காரணம். இருப்பதைப் பங்கிட உதவும், இல்லாததை உண்டாக்காது. 2023 செப்டம்பரில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள்.

[காட்சி: உட்துறைமுகம். கோதுமைக் கப்பல்.]

பெரிய கப்பல்களைப் பற்றிச் சுருக்கமாக. 300 தொன்னுக்கு மேற்பட்ட, நாடு விட்டு நாடு போகிற கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் வானொலி அலையில் தாமே அறிவித்துக்கொண்டே வரும். 2024 ஜனவரி 1 முதல், சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி, கப்பல் வருகைப் பத்திரங்களைத் துறைமுகங்கள் ஒரே மின்னணுச் சாளரத்தில், அதாவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கணினி வழியாக, வாங்க வேண்டும். கோதுமைக் கப்பலோ சீமெந்துக்கான கிளிங்கர் கப்பலோ எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால், லொறிகள் வீணாகக் காத்துக் கிடக்கத் தேவையில்லை.

[காட்சி: கருத்துப்போன கணினித் திரைகள்.]

எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருப்பதில் ஆபத்தும் உண்டு. 2017 ஜூனில் நொட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகம் முழுக்க முடக்கியது. நட்டம் 30 கோடி டொலர் வரை. வலையமைப்பைத் திரும்பக் கட்டத் தேவையான முக்கியத் தரவின் ஒரே ஒரு பிரதி கானாவில் தப்பியிருந்தது. காரணம் என்ன தெரியுமா? அங்கே அந்த நேரம் கரண்ட் இல்லை! மின்வெட்டால் யாருக்கோ நன்மை நடந்த கதையை நம்ம ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

[காட்சி: போனில் வெப்பநிலைக் கோடு.]

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. தகவல் எல்லாம் இங்கிருந்து மேலே போகிறது. கீழே வருவது குறைவு. கருவியைப் பூட்டியவர் கையில்தான் கோடு இருக்கும். மீன் கொடுத்த சம்மாட்டிக்கு விலை மட்டும்தான் வரும். 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள், மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று காட்டுகிற பிடிச் சான்றிதழை கேட்ச் என்ற மின்னணு முறைமையில்தான் கொடுக்க வேண்டும். அதாவது, கொட்பேயில் ஒரு எண்ணைப் பிழையாக எழுதினால் அது அங்கே ஒரு நாட்டின் எல்லையில் மாட்டும்.

ஆகவே படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பதிவேட்டுப் பக்கத்தை, கரைக்கு வந்ததும், போனில் படம் எடுத்து வையுங்கள். லொறியில் வெப்பநிலைக் கருவி போகிறதா என்று கேளுங்கள். பல கருவிகளைக் கணினியில் செருகினால் முழுப் பதிவும் பிடிஎஃப் ஆக வரும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிடம் போதும். விலை குறைத்தால் அந்தப் பதிவைத் தரச் சொல்லிக் கேளுங்கள். மீனை ஏற்றுவதற்கு முன்பே இதைப் பேசிக்கொள்வது நல்லது.