ஊர் டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கிராமத்தில் வேலை பார்க்கும் ஒரு குடும்ப மருத்துவர். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு, வெட்டுக்காயம் என்றால் எங்களிடம் வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு எதற்கெல்லாம் வரலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்திலேயே கிடைக்கிற உதவிக்காகத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்க் காத்துக் கிடக்கிறார்கள். இன்னும் சிலர் எங்கேயுமே போவதில்லை. அவர்களை நினைத்துத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் சொல்ல வேண்டியது, உடம்பு நன்றாக இருக்கும்போதும் நீங்கள் எங்களிடம் வரலாம். முதல் தடவை அப்படி வருவதே நல்லது. குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாரடைப்பு வந்தது, எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன அறுவை சிகிச்சை நடந்தது, என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள் என்று நிதானமாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். மூச்சுத் திணறலோடு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவதால் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்து பார்த்தார்கள். 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்ப மருத்துவரிடம் இருந்தவர்களை, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்கள் அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும், இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தன. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. போன மாதம் பார்த்த முகம் இந்த மாதம் வாடியிருந்தால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த முகத்தை முதல் முறையாகப் பார்க்கிற மருத்துவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, இரத்த அழுத்தத்துக்கு வருவோம். பிரஷர் ஏறினால் தலைவலிக்கும், தலை சுற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அளந்து பார்த்தால்தான் உண்டு. ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1960களில் வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்தார். நோயோடு வருகிறவர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது என்று முடிவெடுத்து, தன்னிடம் பதிவு செய்திருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இரத்த அழுத்தத்தை அளக்கத் தொடங்கினார். வராதவர்களைத் தேடிப்பிடித்து அளந்தார். யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971ல் எழுதியவரும் அவரே. கிராமத்தில் வேலை பார்க்கிற எங்களுக்கு அவர் ஒரு முன்னோடி. நாற்பதைத் தாண்டியவர்கள் என்ன காரணத்துக்காக வந்தாலும் பிரஷரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதன் பின்னணி இதுதான்.

அதை அளப்பதற்கும் முறை இருக்கிறது. ஓடி வந்து உட்கார்ந்ததும் அளக்கக் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அளவு கூடும். ஒரே ஒரு தடவை 140/90க்கு மேல் வந்துவிட்டது என்பதற்காக மாத்திரை தொடங்கிவிட மாட்டோம். மிக அதிகமாக இருந்தால் ஒழிய, இன்னொரு நாள் வரச் சொல்வோம். மருத்துவரைப் பார்த்தாலே சிலருக்கு ஏறும். அவர்களுக்கு வீட்டிலேயே அளந்து குறித்து வரச் சொல்வது உதவும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் வருகிறார்கள். காலைக் காட்டுவதற்குத்தான் வருவதில்லை. தயவுசெய்து செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்போம். வலியே இல்லாத சோதனை. உணர்ச்சி மங்கிய காலில் முள் குத்தினாலும் தெரியாது. அந்தச் சின்னப் புண்தான் பெருகிப் பெருகி விரலை, சில நேரம் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. வருடத்துக்கு ஒரு முறை காலையும் சிறுநீரையும் நாங்கள் பார்ப்போம். விழித்திரையைப் பார்க்கக் கண் மருத்துவரிடம் அனுப்புவோம்.

அப்புறம், மாத்திரைப் பை. வயதானவர்கள் வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், பழையது புதியது பார்க்காமல், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எங்கள் வேலையிலேயே மிகப் பயனுள்ள ஒன்று இது என்பது என் கருத்து. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். மூட்டுவலிக்காகத் தினமும் போடும் வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது தெரியாமல் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். தூக்கத்துக்கு என்று எப்போதோ கொடுத்த மாத்திரை இன்னும் தொடரும். இரவில் எழுந்தால் தடுமாறி விழுவார்கள். பல சமயம் நாங்கள் புதிதாக எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை, இரண்டு மூன்றை நிறுத்தி அனுப்புகிறோம். மருந்தைக் குறைப்பதும் வைத்தியம்தான். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு நாங்கள் மறுத்தாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். சளி வைரஸால் வருவது. அந்த மாத்திரைக்கு அது அடங்காது.

பல வேலைகளுக்கு மருத்துவருக்காகக் காத்திருக்கவே வேண்டாம். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, தையல் பிரிப்பது, தடுப்பூசி போடுவது எல்லாம் செவிலியர் பார்த்துக்கொள்வார். குழந்தைக்கு லேசாகச் சளி இருக்கிறதென்று தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம், அழைத்து வாருங்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து பயன்படுத்துகிறவர்கள், அதைச் செவிலியர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்கிற பலருக்கு, மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது, நுரையீரலுக்குப் போவதே இல்லை. முறையைத் திருத்தினாலே மூச்சு சீராகிவிடும்.

நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அதன் பிறகு நேராக எங்களிடம் வாருங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வருவதற்கு முன் தடுத்துவிடலாம்.

கர்ப்பம் தரிக்க நினைக்கிறவர்கள் முன்பே வந்து சொல்லுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கினால்தான் குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளை அது தடுக்கும். கருத்தடை பற்றிக் கேட்கலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை எங்கே, எப்போது என்று கேட்கலாம். மாதவிடாய் நின்று நாளாகிப் பிறகு இரத்தம் பட்டால், ஒரு சொட்டு என்றாலும், கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது, ஊரே அறிந்துவிடுமே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. கிராமத்தில் காத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். மருந்து எடுத்துக் கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம். எனவே சில விஷயங்களை உறுதியாகச் சொல்கிறேன். அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே இருக்கும். உங்கள் கணவரோ, மாமியாரோ, மகனோ கேட்டாலும் உங்கள் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டோம். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, சட்டப்படி தெரிவிக்க வேண்டிய தொற்று போன்ற மிகச் சில நிலைகள்தான் விதிவிலக்கு. அப்போதும் கூடியவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம். பதிவு செய்யும் மேசையில் என்ன பிரச்சினை என்று கேட்டால், டாக்டரிடம் தனியாகச் சொல்கிறேன் என்றாலே போதும். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், நாங்கள் சொல்லிவிடுகிறோம். பழி எங்கள்மேல் போகட்டும்.

மனசு சரியில்லை என்பதற்கும் வரலாம். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது, இவையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவைதான். கேட்பதற்கு எங்களுக்கு நேரம் உண்டு. வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் பூச்சிமருந்தை அன்றே பூட்டி வையுங்கள், அல்லது வீட்டை விட்டு அகற்றுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள், அன்றே அழைத்தும் வாருங்கள். குடியை விட நினைக்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்துவிட்டுத் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகக்கூடும். எங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், மருந்து கொடுத்துப் பத்திரமாக நிறுத்த முடியும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்போம். புற்றுநோய் முற்றியவர்களுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். வலியைக் குறைக்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடக் கற்றுக்கொடுக்கலாம், பார்த்துக்கொள்கிறவருக்கு ஓர் இரவாவது ஓய்வு கிடைக்க வழி செய்யலாம். என் மனசுக்கு மிக நெருக்கமான வேலை இது.

ஒரே தெருவில் நான்கைந்து வீடுகளில் வயிற்றுப்போக்கோ காமாலையோ வந்தால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தில் வில் பிக்கிள்ஸ் என்ற கிராமத்து மருத்துவர், 1929ல் காமாலை பரவியபோது யார் யாரை எப்போது, எங்கே சந்தித்தார்கள் என்று விசாரித்தே, நோய் தொற்றியதிலிருந்து வெளிப்படும்வரை எத்தனை நாளாகிறது என்று கணித்தார். எல்லோரையும் பெயர் சொல்லித் தெரிந்த ஒருவரால்தான் அப்படி விசாரிக்க முடியும்.

எங்களிடம் வந்து நேரத்தை வீணாக்கக் கூடாத நிலைகளும் உண்டு. நெஞ்சை அழுத்துகிற வலி, வாய் கோணுதல், திடீரென்று ஒரு கை சரிதல், பேச்சுக் குழறல், கர்ப்பிணிக்குப் பெரும் இரத்தப்போக்கு என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வழியில் எங்களுக்கு ஒரு போன் செய்தால், அங்கே இருப்பவர்களிடம் உங்கள் பழைய நோய்களையும் சாப்பிடும் மருந்துகளையும் நாங்கள் சொல்லிவிடுவோம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில நாட்களுக்குள் அவர்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டோடு எங்களிடம் வாருங்கள். எந்த மாத்திரை புதியது, எதை நிறுத்தியிருக்கிறார்கள், தையல் எப்போது பிரிக்க வேண்டும், மறுபடி எப்போது அங்கே போக வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்து எழுதித் தருகிறோம். நன்றி, வணக்கம்.