படகில் ஒரு குழாயும் நான்கு பேரும்

நேயர்களுக்கு வணக்கம். குடும்பத்தோடு படகில் கரையோரமாகப் போய்வருவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புயல், திமிங்கிலம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அதிகம் பேசப்போவது தண்ணீரைப் பற்றி. கடல் தண்ணீர் இல்லை, குடிதண்ணீர்.

எங்கள் படகின் தொட்டி 300 லிட்டர் கொள்ளும். கணவர், நான், இரண்டு பிள்ளைகள். ஐந்து நாளைக்குக் கரையில் தண்ணீர் பிடிக்க வழியில்லை என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதற்குள்தான். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டபடி பல் தேய்ப்பவர் அதில் பாதியைக் காலையிலேயே தீர்த்துவிடுவார்.

அதனால் பாத்திரங்களைக் கடல் தண்ணீரில்தான் கழுவுவோம். கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீர். துறைமுகத்துக்குள் மட்டும் இது கூடாது, அங்கே எண்ணெய் மிதக்கும். துணிக்கும் ஆகாது. கடல் தண்ணீரில் அலசிய சட்டை வெயிலில் மொடமொடவென்று காயும், இருட்டியதும் பிசுபிசுக்கும். துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியுமே, அதேதான். முதல் பயணத்தில் நாங்கள் நான்கு பேரும் ஒரு வாரம் உப்பு ஜாடியாகவே இருந்தோம்.

மழை வந்தால் கொண்டாட்டம், படுதாவைக் கட்டித் தண்ணீர் பிடிப்போம். ஆனால் பெய்த உடனே வாளியை நீட்டக்கூடாது. படுதாவில் படிந்த உப்பு போகும்வரை விட்டு, அப்புறம் பிடிக்க வேண்டும்.

சரி, ஒரு கதை சொல்கிறேன். குழாயைத் திறந்தால் தானாக ஓடும் மின்பம்பு ஒன்றை ஆசையாகப் பொருத்தியிருந்தோம். ஒரு நாள் நடு இரவில் மகள் என்னை எழுப்பி, "அம்மா, யாரோ குறட்டை விடுறாங்க" என்றாள். "அப்பாதான், தூங்கு" என்றேன். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நடந்தது இதுதான்: குழாயடியில் ரப்பர் குழல் கழன்றிருக்கிறது. பம்பு நிற்காமல் ஓடித் தண்ணீரையெல்லாம் தரைப் பலகைக்குக் கீழே, படகின் அடிவயிற்றில் கொட்டியிருக்கிறது. அங்கே தண்ணீர் சேர்ந்தால் வெளியேற்ற இன்னொரு பம்பு உண்டு. அது தன் கடமையைத் தவறாமல் செய்து, அத்தனையையும் கடலில் சேர்த்துவிட்டது. இரண்டு இயந்திரங்களும் அப்படி ஒற்றுமையாக உழைத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாவம், அந்த மனிதர் அன்று குறட்டையே விடவில்லை.

அன்றிலிருந்து படுக்கும் முன் பம்பின் சுவிட்சை அணைப்போம். இரண்டு கேன்களில் தனியாகக் குடிதண்ணீர் இருக்கும். குழாய்க்குக் கால்பம்பும் போட்டுவிட்டோம். கால் வலித்தால் தண்ணீர் செலவாகிறது என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடுகிறது. திரும்பவும் சொல்கிறேன், சுவிட்சை அணையுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டே நிமிடம் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். நங்கூரத்தைப் பற்றி விரிவாக எழுதி வந்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நங்கூரம் பிடிப்பது எடையால் மட்டும் இல்லை. கயிறு தாழ்வாக, பக்கவாட்டில் இழுத்தால்தான் மண்ணில் புதையும். ஆழம் இப்போது 4 மீட்டர், இரவில் கடல் 2 மீட்டர் ஏறும், தண்ணீரிலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 7. அதைப் போல ஐந்து மடங்கு, 35 மீட்டர் கயிறாவது விடுங்கள். காற்று பலமானால் இன்னும் விடுங்கள். ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள் நடு இரவில் நகர்ந்துகொண்டிருப்பார்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், ஒரு தீப்பொறி போதும். சமைத்து முடித்ததும் அடுப்பை மட்டும் இல்லை, சிலிண்டரையும் மூடுங்கள். கடல் மயக்கத்துக்கு நேரமில்லை என்கிறார்கள். வணக்கம்.