கைவிடத் தெரிந்த கருவி

நேயர்களுக்கு வணக்கம். ரவுட்டர் என்றதும் பலருக்கும் வீட்டின் ஒரு மூலையில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருக்கும் சிறு பெட்டிதான் நினைவுக்கு வரும். அந்தப் பெட்டிக்கும், கண்டங்களை இணைக்கும் கண்ணாடி இழைத் தடங்களின் முனையில் அலமாரி அளவுக்கு நிற்கும் பெருங்கருவிகளுக்கும் அடிப்படை வேலை ஒன்றே. வந்து சேரும் ஒவ்வொரு பாக்கெட்டின், அதாவது செய்தித் துண்டின், தலைப்பையும் படித்து, அதை அடுத்து எந்த வழியில் அனுப்புவது என்று அவை முடிவு செய்கின்றன. ஆனால் இக்கருவியைச் செம்மைப்படுத்திய கண்டுபிடிப்புகளைத் தொடர்ந்து கவனித்து வந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. அனுப்புவதற்குச் செலவான அறிவைவிட, அனுப்பாமல் விடுவதற்குச் செலவான அறிவே அதிகம். எந்தப் பாக்கெட்டை, எந்த நேரத்தில், எதை நம்பிக் கைவிடுவது? போக்குவரத்து மேலாண்மை என்றும் பாதுகாப்பு என்றும் பாடநூல்கள் இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருப்பவை, இந்த ஒரு கேள்வியின் இரண்டு முகங்களே.

முடிவெடுக்க ரவுட்டருக்குக் கிடைக்கும் நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 100 கிகாபிட் வேகமுள்ள ஓர் ஈதர்நெட் இணைப்பில், மிகச் சிறிய அளவுப் பாக்கெட்டுகள் இடைவிடாமல் வந்தால், ஒரு நொடியில் ஏறத்தாழ 14 கோடியே 88 லட்சம் பாக்கெட்டுகள் வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 6.7 நானோ நொடி. அதற்குள் ஒளியே சுமார் இரண்டு மீட்டர்தான் பயணம் செய்யும். கணித அழகு மிகுந்த பல வழிமுறைகள் ஆய்வுக் கட்டுரைகளுக்குள்ளேயே தங்கிவிட்டதற்கு இந்த நேர நெருக்கடியே காரணம்.

கைவிடும் உரிமை ரவுட்டருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்க வேண்டியதே. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பால் பாரனும், அதே பத்தாண்டில் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே, செய்தியைத் துண்டுகளாக்கி அனுப்பும் கருத்தை முன்வைத்தனர். 1970களில் பிரான்சில் லூயி பூசான் உருவாக்கிய சிக்ளாட் வலையமைப்பு இன்னும் ஒரு படி துணிந்து சென்றது. நடுவிலுள்ள கருவிகள் முயன்றவரை அனுப்பினால் போதும், தொலைந்ததைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பும் பொறுப்பு இரு முனைகளிலும் உள்ள கணினிகளுடையது என்று அது வகுத்தது. இணையம் இந்தப் பொறுப்புப் பிரிவினையை ஏற்றுக்கொண்டதால்தான், இடமில்லாதபோது ஒரு பாக்கெட்டை வீசிவிடுவது குற்றமாகாமல் நடைமுறையானது.

நடைமுறையானதே தவிர, அது ஒரு கலையாக இன்னும் வளரவில்லை. 1986 அக்டோபரில் அதற்கான விலை தெரிந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் வெறும் 400 கெஜம். அவற்றை இணைத்த தடத்தில் நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி அறுபடவில்லை, கருவியும் பழுதாகவில்லை. அனுப்பப்படுவதற்காகப் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை நிரம்பி, வந்தவை வீழ்ந்தன. அனுப்பிய கணினிகள் அவற்றை மீண்டும் அனுப்பின. அந்த மறுபதிப்புகளே நெரிசலைப் பெருக்கின. வான் ஜேக்கப்சன் 1988 இல் வெளியிட்ட தீர்வு, பாக்கெட் தொலைவதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டது. தொலைந்தால் வேகத்தைச் சட்டென்று குறை, தொலையாவிட்டால் மெல்ல மெல்லக் கூட்டு என்று அனுப்பும் கணினிக்கு அது கற்றுக்கொடுத்தது. அன்றிலிருந்து, ரவுட்டர் கைவிடும் ஒவ்வொரு பாக்கெட்டும் அனுப்பியவருக்குச் சொல்லப்படும் ஓர் எச்சரிக்கையானது.

எச்சரிக்கை என்றால் அதை உரிய காலத்தில் சொல்ல வேண்டுமல்லவா? வரிசை முழுதும் நிரம்பிய பிறகு வருபவற்றையெல்லாம் வீசினால், பல கணினிகள் ஒரே நேரத்தில் பின்வாங்கி, ஒரே நேரத்தில் மீண்டும் முண்டியடிக்கும். சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993 இல் முன்வைத்த முறை, வரிசையின் சராசரி நீளம் ஓர் எல்லையைத் தாண்டியதுமே, நிரம்புவதற்கு முன்பாகவே, சில பாக்கெட்டுகளைக் குலுக்கல் முறையில் வீழ்த்தத் தொடங்கியது. அதிகம் அனுப்புபவரின் பாக்கெட்டே குலுக்கலில் அதிகமாக அகப்படும் என்பது அதன் நயமான பகுதி. ஆனால் அதன் எல்லைகளை எந்த எண்ணில் வைப்பது என்று வலையமைப்பை நடத்துபவர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வாங்கிய கருவியில் வசதி இருந்தும் அதை முடுக்காமல் விட்டவர்களே மிகுதி.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் பாக்கெட் இழப்பு பற்றிய புகார் வந்தபோது, ரவுட்டரின் பஃபரை, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகத்தை, பெரிதாக்கச் சொன்னவன் நானே. இழப்பு அறவே நின்றது. ஆனால் அடுத்த வாரமே, தொலைபேசி உரையாடல்களில் ஒருவர் பேசி முடித்து வெகுநேரம் கழித்தே மறுமுனையில் அது கேட்கிறது என்ற புகார் வந்தது. எதையும் வீழ்த்தாத ரவுட்டர் எல்லாவற்றையும் தாமதப்படுத்துகிறது. ஜான் நேகிள் இதை 1985 இலேயே எழுதியிருந்தார். நினைவகம் எல்லையற்றதாக இருந்தாலும், பாக்கெட்டின் ஆயுள் எல்லைக்குட்பட்டது என்பதால், வந்த வரிசைப்படியே அனுப்பும் வலையமைப்பு மிகைச் சுமையில் எல்லாப் பாக்கெட்டுகளையும் இழந்துவிடும் என்பது அவருடைய வாதம். நினைவகச் சில்லுகள் மலிவாகிப் பஃபர்கள் அளவின்றிப் பருத்துவிட்டதை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜிம் கெட்டிஸ் மீண்டும் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. 2012 இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் கண்ட விடையில் அளவுகோலே மாறியது. வரிசையின் நீளத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அவர்கள் அளந்தார்கள். காத்திருப்பு 100 மில்லி நொடிக் காலம் முழுவதும் 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்கவேயில்லை என்றால் கைவிடத் தொடங்கு என்பது விதி. கால் நூற்றாண்டு உழைப்பின் பயன், தேடிக் கிடைத்த அந்த இரண்டு எண்கள் என்றே சொல்வேன்.

நேகிளின் இன்னொரு யோசனை, ஒவ்வோர் அனுப்புநருக்கும் தனி வரிசை வைத்து, முறைவைத்து ஒவ்வொன்றாக எடுப்பது. 1989 இல் ஆலன் டெமர்ஸ், கேஷவ், ஸ்காட் ஷென்கர் மூவரும் பாக்கெட்டின் அளவையும் கணக்கில் எடுத்து அதை முறைப்படுத்தினார்கள். இதைப் பெரும்பாலும் நியாயப் பங்கீடு என்றே விளக்குவார்கள். எனக்கு இது பாதுகாப்பின் முதல் விதையாகவும் தெரிகிறது. ஏனெனில் ஒருவர் வெள்ளமாகக் கொட்டினாலும் அவருடைய வரிசைதான் நிரம்பும், அடுத்தவர் பாதை திறந்தே இருக்கும்.

வெளிப்படையான பாதுகாப்பு வேலை ரவுட்டருக்கு 1980களின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, கணினியில் எந்தச் சேவைக்கு உரியது என்று காட்டும் போர்ட் எண் ஆகியவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டு, அனுமதிக்கப்படாதவற்றைக் கைவிடும் வடிகட்டிகள் பிறந்தன. அவை ஒவ்வொரு பாக்கெட்டையும் தனித்தனியாகவே பார்த்தன. இந்தப் பதில் உள்ளிருந்து யாரோ கேட்ட கேள்விக்கு வந்த பதில்தானா என்று அவற்றுக்குத் தெரியாது. நடந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் உரையாடலையும் அட்டவணையில் குறித்துவைக்கும் ஃபயர்வால் 1990களில் இந்தக் குறையைத் தீர்த்தது. தீர்த்த கையோடு புதிய பலவீனத்தையும் கொண்டுவந்தது, ஏனெனில் அட்டவணை என்று ஒன்றிருந்தால் அதை நிரப்பி முடக்கலாம். 1996 செப்டம்பரில் நியூயார்க்கைச் சேர்ந்த பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் கணினிகள் இப்படித்தான் முடக்கப்பட்டன. இணைப்பு வேண்டும் என்று தட்டிவிட்டு, கதவைத் திறந்ததும் மறைந்துவிடும் போலிக் கோரிக்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. டேனியல் பெர்ன்ஸ்டைன் அப்போது தந்த தீர்வு நான் பெரிதும் வியக்கும் கண்டுபிடிப்புகளுள் ஒன்று. கோரிக்கையைக் குறித்தே வைக்காதே. குறிக்க வேண்டியதை ஓர் இரகசியக் கணக்கால் பதிலின் வரிசை எண்ணுக்குள்ளேயே பொதிந்து அனுப்பு. உண்மையானவர் அந்த எண்ணை அடுத்த செய்தியில் திருப்பிக் கொண்டுவருவார். பொய்யர் வரப்போவதில்லை, அவருக்காக நினைவகத்தில் ஒரு துளி இடமும் செலவாகவில்லை.

போலி அனுப்புநர் முகவரிகளை அவை புறப்படும் இடத்திலேயே கைவிடலாம் என்று பால் ஃபெர்குசனும் டேனியல் செனியும் 1998 இல் பரிந்துரைத்தனர். தன் வாடிக்கையாளருக்கு எந்த முகவரிகளை ஒதுக்கினோம் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும் என்பதால், வேறு முகவரி தாங்கி வருவது பொய் என்று முதல் ரவுட்டரே சொல்லிவிட முடியும். இது எளிய முறையே. ஆயினும் இன்றுவரை எல்லா இடங்களிலும் இது நடைமுறைக்கு வரவில்லை. உழைப்பு ஒருவருடையது, பயன் உலகின் மறுகோடியில் இருப்பவருடையது என்பதே இதற்குக் காரணமென்று நான் கருதுகிறேன்.

ரவுட்டர்கள் தங்களுக்குள் வழித்தடச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் உரையாடலைக் காப்பதற்கு எழுந்த முறையோ இன்னும் எளியது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் ஆயுள் எண் ஒன்று உண்டு. முதலில் அது, வழி தவறிய பாக்கெட் முடிவின்றிச் சுழலாமல் இருக்கவே வைக்கப்பட்டது. வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூச்சியமானால் பாக்கெட்டைக் கைவிடும். அந்த எண்ணின் உச்ச அளவு 255. அண்டை ரவுட்டர் எப்போதும் 255 வைத்தே அனுப்ப வேண்டும், வந்து சேரும்போது 255 குறையாமல் இருந்தால் மட்டுமே ஏற்க வேண்டும் என்று ஒரு விதி 2004 இல் ஆவணப்படுத்தப்பட்டது. தொலைவிலிருந்து தாக்குபவர் 255க்கு மேல் எழுதவே முடியாது. வழியிலுள்ள ரவுட்டர்கள் அதைக் குறைத்துவிடும் என்பதால் அவருடைய பாக்கெட் தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்குப் புதிய கருவியோ கடினமான மறையாக்கமோ தேவைப்படவில்லை.

இப்போதைய சிக்கல் வேறு திசையில் வருகிறது. வழிகாட்டும் முகவரிகள் வெளியே தெரிந்தாலும், உரையாடலின் போக்கைக் காட்டிவந்த மற்றத் தலைப்புத் தகவல்களில் பெரும்பகுதியையும், கணினிகள் இணையத்தில் தரவைப் பரிமாறப் பயன்படுத்தும் குவிக் போன்ற புதிய நெறிமுறைகள் மறையாக்கத்துக்குள் கொண்டுபோய்விட்டன. பயனாளரின் அந்தரங்கத்துக்கு அது நல்லதே. ஆனால் தாமதத்தை அளந்து நெரிசலைக் கண்டறிந்துவந்தவர்களுக்குக் கண்ணைக் கட்டியது போலாயிற்று. நெடிய விவாதத்துக்குப் பின், 2021 இல் வெளியான குவிக் தரநிலை அவர்களுக்கென்று ஒரேயொரு பிட்டை வெளியே விட்டுவைத்தது. ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் காலத்துக்கு ஒருமுறை அந்தப் பிட் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே மாறும். பார்ப்பவர் அந்த மாற்றங்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தாமதத்தை அறிந்துகொள்ளலாம். அந்த ஒரு பிட்டையும் கட்டாயம் காட்டியே ஆக வேண்டும் என்று தரநிலை சொல்லவில்லை. நன்றி, வணக்கம்.