என் கையெழுத்தும் அதில் இருந்தது

நேயர்களே, உங்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம். தவக்காலம் வருகிறது, ஏதாவது கொஞ்சம் கதையுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். சபைக்குள் நடக்கும் பாவத்தைப் பற்றிக் கதைக்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். இது எனக்கு இலேசான விஷயம் இல்லை, என்றாலும் கதைக்கத்தான் வேண்டும்.

எங்கள் தமிழில் பாவம் என்ற சொல் ரொம்பவும் இளகிப்போய்விட்டது. விழுந்து முழங்கால் உரசின பிள்ளையைப் பார்த்தும் பாவம் என்கிறோம், மழையில் நனைகிற நாயைப் பார்த்தும் பாவம் என்கிறோம். அந்த இரக்கம் நல்லதுதான். ஆனால் சபையில் ஒருவர் பெரிய பிழை செய்துவிட்டார் என்று தெரியவந்தாலும் அதே இளகின குரலில்தான் "பாவம், விடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். பாதிக்கப்பட்டவரைப் பார்த்து அந்தப் "பாவம்" வருவதில்லை, அதுதான் எனக்கு விளங்காத காரியம்.

இன்னொன்று, எது பாவம் என்ற கணக்கும் எங்களுக்கு ஒரு மாதிரியாகவே இருக்கிறது. ஒரு பொடியன் குடித்துவிட்டு வந்தால் சபை முழுக்கத் தெரியும், மூன்று ஞாயிற்றுக்கு அதே கதைதான். ஆனால் சகோதரியின் காணி உறுதியை அண்ணன்காரன் தன் பெயருக்கு மாற்றி எழுதினால் அது குடும்ப விவகாரம். மருமகளின் வீட்டில் சீதனத்துக்காகக் கழுத்தை நெரித்தால் அது வழக்கம். சாதி பார்த்துச் சம்பந்தத்தைக் கலைத்தால் அது பெரியவர்களின் முடிவு. இவற்றுக்கெல்லாம் நாங்கள் பாவம் என்று பெயர் வைப்பதே இல்லை. பெயர் வைக்காத நோய்க்கு யார் மருந்து தேடப்போகிறார்கள்?

கரைவலை இழுப்பதைத் திருகோணமலையில் பார்க்காதவர்கள் குறைவு. உப்புவெளிக் கரையில் விடியப்புறம் போய் நின்றால் தெரியும், இரண்டு பக்கமும் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள், காலை மணலில் புதைத்துக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் இழுப்பார்கள். வலையின் மடி, மீன் சேருகிற பை, எங்கேயோ தண்ணீருக்குள் இருக்கும். அந்த மடியில் ஒரு கிழிசல் இருந்தால் கயிற்றின் கடைசியில் நின்று இழுக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் தன் பங்குக்கு உண்மையாகத்தான் இழுத்தார், உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கும். மடி கரைக்கு வந்த பிறகுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், அன்றைக்கு எல்லாருடைய பங்கும் குறையும், கிழிசலைத் தைக்காமல் விட்டவருடையது மட்டும் அல்ல.

யோசுவா 7ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது எனக்கு எப்போதும் அந்தக் கரைதான் ஞாபகம் வரும். யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் எரிகோ நகரத்தைப் பிடித்த பிறகு, அங்கிருந்து ஒன்றும் தனக்கென்று எடுக்கக் கூடாது என்ற ஆண்டவருடைய கட்டளையை மீறி, ஆகான் என்ற ஒருவன் ஒரு பாபிலோனிய சால்வையையும் இருநூறு வெள்ளிச்சேக்கலையும் ஐம்பது சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்துக்குள் மண்ணில் புதைத்து வைக்கிறான். யாருக்கும் தெரியாது. அடுத்ததாக ஆயி என்ற சின்ன ஊருக்கு ஏறக்குறைய 3000 பேர் போகிறார்கள், முறிந்து ஓடி வருகிறார்கள், 36 பேர் செத்துப்போகிறார்கள். அந்த 36 பேருக்கும் சால்வையைப் பற்றி ஒன்றுமே தெரியாது, அவர்களுடைய வீடுகளில் அழுத பெண்களுக்கும் தெரியாது. யோசுவா முகங்குப்புற விழுந்து கிடக்கும்போது ஆண்டவர் சொல்வது "ஆகான் பாவம் செய்தான்" என்று அல்ல, "இஸ்ரவேலர் பாவம் செய்தார்கள்" என்று. சின்ன வயதில் இது அநியாயம் என்று நினைத்தேன். ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் ஏன் சொல்ல வேண்டும்? இப்போது அப்படி நினைப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் எல்லோரும் அதற்குள்ளால் வந்தவர்கள். அடுத்த வருடம் உதவிகள் வரத் தொடங்கின. நான் அப்போது இருந்த சபைக்கும் வந்தது, கடலில் தொழில் இழந்தவர்களுக்கு வலை வாங்கிக் கொடுக்கவென்று காசு. பெயர்ப்பட்டியல் போட்டோம். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று பொருளாளராக இருந்த மூப்பருடையது, மற்றது என்னுடையது. எனக்கு வேலை, அலைச்சல், முகாமுக்கும் ஓட வேண்டும். ஆகவே அவர் காசோலைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார், நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பத்துக் காசோலையில் ஒரேயடியாகக் கையெழுத்து வைத்துக் கொடுப்பேன். தொகை இல்லை, பெயர் இல்லை, திகதி இல்லை. வெறும் காசோலை. நல்ல மனிதர், என்னை விட வயதில் மூத்தவர், எனக்கு ஞாயிறு பாடசாலையில் சங்கீதம் சொல்லித் தந்தவர், அவரைச் சந்தேகிப்பதா?

பட்டியலில் ஒரு தங்கச்சி இருந்தாள், புருஷனைக் கடல் கொண்டுபோனது, வலை கிடைத்தால் தம்பியைக் கடலுக்கு அனுப்பலாம் என்று இருந்தாள். வலை வரவில்லை. ஒரு நாள் என்னிடம் வந்து கேட்டாள். "வரும், பொறுத்துக்கொள்" என்றேன். பிறகும் வரவில்லை. அதே காலத்தில் மூப்பர் வீட்டுக்கு முன் விறாந்தை கட்டப்பட்டது, தளம் மினுமினுக்கும் ஓடு. கண்டேன். கணக்குக் கேட்க வேண்டும் என்று ஒரு தடவை வாய்வரை வந்தது. கேட்கவில்லை. சபையின் பெயர் கெட்டுப்போகும், வெளியாட்கள் சிரிப்பார்கள், இனி யார் உதவி தருவார்கள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் என் கையெழுத்தும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு சபைக்குள் நடந்ததுதான் முக்கியம். யாரும் கத்தவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. கணக்கு விவரம் தெரியாதவர்கள்கூட ஏதோ சரியில்லை என்று உணர்ந்தார்கள், ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் சிந்தினால் அடுத்த அறையில் படுத்திருப்பவனுக்கும் மணக்கும் அல்லவா, அப்படி. திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பழகினோம். ஜெபங்கள் நீண்டன, அவற்றில் ஒருவர்கூடத் தன் மனதில் இருந்ததைச் சொல்லவில்லை. நேருக்கு நேர் கேட்க முடியாததெல்லாம் வாசலில் குசுகுசுப்பாக மாறியது, அந்தக் குசுகுசுப்பில் குற்றமில்லாத இரண்டு குடும்பங்களின் பெயரும் அடிபட்டது. வாலிபர் ஐக்கியத்தில் பாட்டுப் பாடின பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அந்தத் தங்கச்சியும் வருவதை நிறுத்தினாள், நாங்கள் அவளை "விசுவாசத்தில் பின்வாங்கிப்போனாள்" என்று கமிட்டிப் புத்தகத்தில் எழுதினோம். நான்தான் எழுதினேன். அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கை கூசுகிறது.

"நான் அடக்கிவைத்தமட்டும் என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்கிறது 32ஆம் சங்கீதம். ஒரு மனிதனுக்கு மட்டும் இல்லை, சபைக்கும் எலும்பு உலரும்.

என் மனைவியின் குடும்பம் கத்தோலிக்கர். ஒரு தடவை அவர்களோடு பூசைக்குப் போயிருந்தேன், தொடக்கத்தில் எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் மன்றாட்டு எத்தனையோ தடவை கேட்டதுதான், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கடவுளிடம் மட்டும் இல்லை, "சகோதர சகோதரிகளே உங்களிடமும்" நான் பாவி என்று ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார்கள். சிந்தனையால், சொல்லால், செயலால், அதோடு "கடமையில் தவறியதாலும்". பக்கத்தில் நின்ற கிழவி நெஞ்சில் தட்டிக்கொண்டு சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் ஒரு சதமும் எடுக்கவில்லை என்றுதான் அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், கடமையில் தவறினதற்கு அந்தச் சமாதானம் உதவாது.

நாங்கள் மெதடிஸ்தக்காரர், எங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தது, விட்டுவிட்டோம். 1742இல் பிரிஸ்டல் நகரத்தில் சபைக் கட்டிடத்தின் கடனை அடைக்க ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் அதைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். காசு சேர்க்கப் போனவர்கள் வீடுகளுக்குள் நடப்பதையும் கண்டார்கள், ஒருவன் குடிக்கிறான், இன்னொருவன் மனைவியோடு சண்டை. அதிலிருந்துதான் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் வகுப்புக் கூட்டம் வந்தது, வாரத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு பேர் அளவில் கூடி உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று நேராகக் கேட்பது. கூட்டத்தில் ஒளிப்பது சுலபம், பன்னிரண்டு பேருக்குள் ஒளிப்பது கஷ்டம். எங்கள் மூப்பரிடம் அப்படி யாராவது வாராவாரம் கேட்டிருந்தால் முதல் காசோலையோடேயே நின்றிருக்கும் என்று நான் நம்புகிறேன். என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் 2009இல் ஒரு பின்னேரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன், மத்தேயு 18இல் இயேசு சொன்னது அப்படித்தான், நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில். முதலில் கமிட்டிக்குக் கடிதம் எழுதுவதோ பெயர் போடாத மொட்டைக் கடிதமோ இயேசு சொன்ன வழி இல்லை. அந்த விறாந்தையில்தான் இருந்தோம். "ஐயா, நான் வெறும் காசோலையில் கையெழுத்து வைத்தேன், அது என் பாவம், அதைச் சொல்ல வந்தேன்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ரொம்ப நேரம் ஓட்டுத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் கைவைத்து அழுதார். ஆகானிடம் யோசுவா "மகனே" என்று சொல்லித்தான் விசாரணையைத் தொடங்குகிறான், அந்த ஒரு சொல்லை நான் அன்றைக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன்.

அவர் ஒரு துண்டுக் காணியை விற்றார். ஒரு ஞாயிறு எழுந்து நின்று, எடுத்தது எவ்வளவு, யாருடைய பங்கு என்று பெயர் பெயராகச் சொன்னார். அவருக்குப் பிறகு நான் எழுந்து நின்றேன். அந்தத் தங்கச்சியைக் கேட்டு அழைத்து வந்திருந்தோம், மூப்பர் கடித உறையை நீட்டியபோது வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள்: "காசத் தந்திட்டீங்க ஐயா. அந்த நாலு வருஷத்த யார் தருவாங்க?"

ஒருவருக்கும் பதில் இருக்கவில்லை. பாவத்தை மன்னிப்பது வேறு, அது தின்றுபோன வருடங்கள் வேறு. மன்னிப்பைப் பற்றி நாங்கள் பிரசங்கிக்கும்போது இந்த இரண்டாவதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறோம், அவளுக்கு முன்னால் அப்படித் தாண்ட முடியவில்லை.

கொஞ்சம் புளித்த மா பிசைந்த மா முழுவதையும் புளிக்க வைக்கும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார், பாவத்தில் வாழ்ந்த ஒரு மனிதனைச் சபையிலிருந்து விலக்கச் சொல்கிறார், கடுமையான அதிகாரம் அது. ஆனால் இரண்டாம் கடிதத்தில், தண்டனை போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று எழுதுகிறார். இரண்டு கடிதத்திலும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார் என்று பலர் கொள்கிறார்கள். எங்களுக்கு முதல் கடிதம் அதுவரை கஷ்டமாக இருந்தது, அதற்குப் பிறகு இரண்டாவது கஷ்டமாகிவிட்டது. மூப்பர் பதவியை விட்டுவிட்டுக் கடைசி வாங்கில் வந்து இருந்தார், மாதக்கணக்கில் அவருக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே கிடந்தது. மூடி மறைத்ததும் நாங்கள்தான், மன்னிக்காமல் தள்ளி வைத்ததும் நாங்கள்தான்.

2012இல் அவர் இறந்துபோனார். செத்த வீட்டில் அந்த விறாந்தையில்தான் பெட்டியை வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் இரவு, ஆட்கள் குறைந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் வெளியே கதிரைகளில் இருந்தபோது, ஒழுங்கையால் அந்தத் தங்கச்சி வந்தாள், தம்பி ஒரு பெரிய கேத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். சபைக்கு அவள் திரும்பி வந்திருக்கவில்லை, இன்றைக்கும் வேறு சபைக்குத்தான் போகிறாள். ஒருவரோடும் ஒன்றும் கதைக்காமல் வரிசையாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் முறை வந்தது. கோப்பையைத் தந்துவிட்டு ஒரு கணம் நின்றாள்.

"அண்ணன், சீனி காணுமா?"

வலை எப்போது வரும் என்று கேட்ட அந்த நாளுக்குப் பிறகு, ஏழு வருடத்தில், அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது.